கன்னிக்காலில் கட்டிய கம்பி

பவளம் அக்கா கதிரையில் முதுகு சாய்த்து இருந்து நான் கண்டதில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் நுனியில்தான் இருப்பார். தேத்தண்ணீர் குடித்த வாய் காயுமுன் எழும்பிக் குசினிக்குள் போய், யாரும் கேளாமலே கோப்பைகளைக் கழுவத் தொடங்கிவிடுவார். "அக்கா, இருங்கோவன். என்ர வீட்டுக் கோப்பை ஓடிப்போகாது" என்று எத்தனை தரம் கத்தியிருக்கிறேன். "ஓம், ஓம், வாறன்" என்பார். கை கழுவிக்கொண்டேயிருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பொறுமை என்ற சாமான் எனக்குப் பிறப்பிலேயே இல்லை. அதை முதலே சொல்லிவிடுகிறேன்.

அவர் ஏன் எழும்புகிறார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எங்கள் சனம் ஒரு வீட்டில் கூடினால் முதலில் தேத்தண்ணீர் வரும், பிறகு பலகாரம் வரும், அதற்குப் பிறகு கட்டாயம் அந்தக் கேள்வி வரும். "உங்களுக்கு எத்தினை பிள்ளையள்?" அது யாருடைய வாயிலிருந்தாவது வருமுன் பவளம் அக்கா குசினிக்குள் நிற்கவேண்டும். மெல்பேணில் அந்த நாளில் தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம்தான். ஆனால் மாதத்துக்கு ஒன்றிரண்டு புதிதாக வந்து இறங்கிக்கொண்டிருந்தன. கேள்வியும் அவர்களோடு வந்து இறங்கும்.

அவர் சண்டிலிப்பாய்ப் பெண். தாய் போனபோது தங்கை யோகா பாவாடை கட்டத் தெரியாத பிள்ளை. தலை வாரி இழுத்து, சோறு தீத்தி, பள்ளிக்கூடம் அனுப்பி, எல்லாம் பவளம் அக்காதான். அறுபதாம் ஆண்டு தேவராஜா அண்ணையைக் கலியாணம் முடித்தார். அந்தக் கலியாணத்துக்கு முற்றத்தில் ஊன்றிய கன்னிக்கால் தளிர்க்கவில்லை. அங்கேதான் எல்லாம் தொடங்கியது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் கலியாணத்துக்கு முன் நல்ல நேரம் பார்த்து, வீட்டு வளவின் ஈசான மூலையில் முள்முருக்கந் தடி ஒன்றை ஊன்றுவார்கள். அதுதான் கன்னிக்கால். மஞ்சள் பூசி, செப்புக்காசு ஒன்றை மஞ்சள் துணியில் முடிந்து அதில் கட்டி, சுமங்கலிப் பெண்கள் பாலும் தண்ணீரும் விடுவார்கள். முள்முருக்கு எங்கே குத்தினாலும் தளிர்க்கிற சாதி. அது தளிர்த்தால் குடும்பம் தழைக்கும் என்று ஒரு நம்பிக்கை. பவளம் அக்காவின் தடியை ஆடு கடித்ததோ என்னவோ, காய்ந்து விறகாகிவிட்டது. ஆறேழு வருஷம் போய் மாமியார் ஒரே ஒரு தரம் சொன்னாராம், "கால் பட்டுப்போச்சு, இனி என்னத்தைச் சொல்ல" என்று. ஒரு தரம் போதாதா? இனிப் பிள்ளை இல்லை என்று ஆனபோது, அந்தச் சொல் அவருடைய நெஞ்சுக்குள் வீடு கட்டிக்கொண்டது.

தேவராஜா அண்ணை டெலிபோன் பகுதியில் டெக்னீஷியன். அதிர்ந்து பேசாத மனிதர், நல்ல மனிதர். ஆனால் ஓர் ஊரில் காலூன்றி இருக்கமாட்டார். கொழும்புக்குள்ளேயே வெள்ளவத்தை, தெகிவளை, கொட்டாஞ்சேனை என்று மூன்று வீடு மாறினார்கள். பிறகு சாம்பியாவுக்குப் போனார்கள், அங்கே இரண்டு ஊர். எழுபத்திநாலில் யோகாவையும் கூட்டிக்கொண்டு மெல்பேண். அக்கம்பக்கம் பழகி, ஆட்கள் வீட்டுக்குள் வந்து இருந்து கதைக்கத் தொடங்கினால் அந்த ஊர் அண்ணைக்குப் புளித்துவிடும். முன்னேற வேண்டும் என்ற ஆசை என்று நாங்கள் நினைத்தோம். பவளம் அக்கா போகிற ஊரெல்லாம் பச்சை மிளகாய்க் கன்றைக்கூடச் சாடியில்தான் வைப்பார். "நிலத்தில வைச்சால் விட்டிட்டெல்லோ போகோணும்" என்பார்.

அப்படிப்பட்டவர்தான் மெல்பேண் மல்கிரேவ் வீட்டில் ஒரு மரத்தை நிலத்தில் வைத்தார்.

எழுபத்தாறு ஆனி மாதத்தில் யோகாவுக்குக் கலியாணம் ஒழுங்காகியது. மாப்பிள்ளை இந்திரகுமார், சிட்னியில் பிளாக்டவுன் பக்கம், ரயில்வேயில் என்ஜினியர். நல்ல பிள்ளை, கொஞ்சம் கூடுதலாகச் சிரிக்கும். கலியாணத்தைத் தன் வீட்டிலேயே செய்யவேண்டும் என்று பவளம் அக்கா ஒற்றைக்காலில் நின்றார். மெல்பேணில் அப்போது ஐயரும் இல்லை, கோயிலும் இல்லை. கல்யாணசுந்தரம் அங்கிள்தான் எங்களுக்கு ஐயர். வேலை கணக்காளர் வேலை, ஆனால் மந்திரம் பிழையில்லாமல் சொல்லுவார். எல்லாவற்றுக்கும் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டோம். கன்னிக்காலுக்குத்தான் வழி இல்லை. ஆனி மாதம் என்றால் இங்கே நடுக்குளிர். முள்முருக்கை எங்கே தேட?

"உயிருள்ள தடியாய் இருந்தால் காணும், பிள்ளை. பேர் முக்கியமில்லை" என்று அங்கிள் தீர்ப்புச் சொன்னார்.

பவளம் அக்காவுக்கு அது போதவில்லை. "உயிர் இருந்தால் மட்டும் காணாது நாகேஸ், அது கட்டாயம் தளிர்க்கோணும்" என்று என் காரில் ஏறி இருந்தார். நான்தான் ஓட்டினேன். கன்று விற்கிற நேர்சரி நேர்சரியாக ஏறி இறங்கினோம். கடைசியில் ஒரு இடத்தில், இலை ஒன்றும் இல்லாத கன்றுகளை ஈர மரத்தூளுக்குள் வேரைப் புதைத்து வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். பார்த்தால் வெறும் தடிகள். பவளம் அக்கா ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். என் பெருவிரல் மொத்தம், நெஞ்சளவு உயரம், அசல் கன்னிக்கால். நேர்சரிக்காரன் அது கிராப் அப்பிள் என்றான். அழகுக்கு வைக்கிற மரம், பெரிதாக வளராது, வசந்தத்தில் பூத்துக் கொட்டும், மாபிள் குண்டு அளவில் சிவப்பாய்க் காய்க்கும் என்றான். பவளம் அக்காவுக்கு அந்தக் கதை ஒன்றும் வேண்டாம். "பட்டுப்போகுமோ?" என்று மட்டும் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அவன் சிரித்துக்கொண்டு, நீங்கள் நினைத்தாலும் இதைச் சாகடிக்க முடியாது என்றான்.

அந்த ஒரு சொல்லுக்காகவே வாங்கினார்.

இங்கிலீசில் கிராப் என்றால் நண்டு. "நண்டு அப்பிளோ? கலியாண வீட்டில மச்சமோ?" என்று என் மனுஷன் கணேசலிங்கம் பகிடி விட்டுக்கொண்டு திரிந்தார். நான் ஒரு பார்வை பார்த்தேன், வாயை மூடிக்கொண்டார். ஈசான மூலையில் துணி உலர்த்துகிற சுழல் கம்பம் நின்றது. தேவராஜா அண்ணை ஒரு பேச்சும் பேசாமல் அதைக் கொங்கிரீட்டோடு கிளப்பி வேறு மூலையில் நட்டார். மஞ்சள் பூசினோம். மாவிலைக்குப் பக்கத்து வீட்டு எலுமிச்சை இலை. நாங்கள் ஐந்து சுமங்கலிகள், சேலைக்கு மேல் கோட்டுப் போட்டுக்கொண்டு, பல்லுக் கிடுகிடுக்கப் பால் விட்டோம். செப்புக்காசை மஞ்சள் துணியில் முடிந்து நூலால் கட்டினார் பவளம் அக்கா. கட்டிவிட்டு இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். முகம் சரியில்லை.

"இஞ்சாருங்கோ, இந்த ஊர்க் காத்துக்கு நூல் நிக்குமோ?"

அண்ணை உள்ளே போனார். வேலைக்குக் கொண்டுபோகிற பெட்டியிலிருந்து மஞ்சள் உறை போட்ட டெலிபோன் கம்பியைக் கொண்டுவந்தார். நிறமும் மங்கலமாகத்தான் இருந்தது. தடியைச் சுற்றி இரண்டு சுற்று, காசை உள்ளே வைத்து, குறடால் இறுக்கி முறுக்கினார். "இனி ஜென்மத்துக்கும் அவிழாது" என்றார். பவளம் அக்கா அன்றைக்குத்தான் நன்றாகச் சிரித்தார்.

தாலிகட்டி முடிந்து, சாப்பாட்டில் இருந்த மாப்பிள்ளை வெளியே பார்த்துச் சொன்னார், "எங்கட சிட்னியில முள்முருக்கு மாதிரி ஒரு மரம் பார்க் எல்லாம் நிக்குதே அன்ரி. ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் முறிச்சுக் கொண்டந்திருப்பன்." எனக்கு இலையோடு தூக்கி எறியலாம் போல இருந்தது.

மரம் தளிர்த்தது. செப்ரெம்பரில் ஒரு காலை, வேலைக்குப் போக நிற்கிறேன், பவளம் அக்கா வீட்டுச் சட்டையோடு இரண்டு தெரு ஓடிவந்து என் கதவைத் தட்டுகிறார். மூச்சு வாங்குகிறது, கண்ணால் வடிகிறது. "நாகேஸ், வந்திட்டுது. பச்சையாய் ஒரு மொட்டு வந்திட்டுது." நானும் அழுதுவிட்டேன். அதற்கு ஏன் அழுதேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

அதோடு மனம் ஆறியிருக்கவேண்டும். ஆறவில்லை. தளிர்க்குமோ என்ற பயம் போய், நிற்குமோ என்ற பயம் வந்தது. தபால் பிரிக்கிற இடத்தில் அவருக்கு வேலை. விடியப் போகமுதல் மரத்தைப் பார்ப்பார், வந்து காலணி கழற்றமுதல் மரத்தைப் பார்ப்பார். ஓர் இலை சுருண்டால் நாடகம்தான். காற்றடித்தால் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடப்பார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சிட்னிக்கு டெலிபோன் எடுப்பார். "மரம் நல்லாய் நிக்குது. நீ எப்படி இருக்கிறாய்?" மரத்தைச் சொல்லிவிட்டுத்தான் தங்கையைக் கேட்பார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏதும் விசேஷம் உண்டோ?" என்பார். யோகா இல்லை என்பாள். டெலிபோனை வைத்ததும் மறுபடி வெளியே போய் மரத்தைப் பார்ப்பார். பக்கத்தில் நின்று பார்க்கிற எனக்கே மூச்சு முட்டும். சிட்னியில் அந்தப் பெட்டைக்கு எப்படி இருந்திருக்கும்!

எழுபத்தெட்டு வசந்தத்தில் அந்த மரம் பூத்ததைச் சொல்லவேண்டும். இலை தெரியவில்லை, கிளை தெரியவில்லை, அவ்வளவு பூ. தெருவால் போகிற வெள்ளைக்காரர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பவளம் அக்கா ஞாயிறு வரை பொறுக்காமல் நடுக் கிழமையில் சிட்னிக்கு எடுத்து, "இந்த வருஷம் கட்டாயம் நடக்கும், இருந்து பார்" என்றார். ஒரு மரம் கழுத்து நெரிபட்டாலும் அப்படிப் பூக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் அப்போது தெரியாது.

கோடை வந்தது. தை மாதம், மற்ற மரமெல்லாம் பச்சையாய் நிற்க, இந்த மரத்தின் இலைகள் சிவக்கத் தொடங்கின. உச்சிக் கிளை தலை தொங்கியது. காய்கள் கடலை அளவிலேயே சுருங்கி விழுந்தன. பவளம் அக்கா வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். உரம் போட்டார். வெள்ளிக்கிழமை விரதம் பிடித்தார். ஞாயிற்றுக்கிழமை டெலிபோனில் மரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டார். யோகா அதிலேயே விளங்கிக்கொண்டு, "அக்கா, மரத்துக்கு என்ன?" என்று கேட்டு அழுதாளாம். நம்பிக்கை தொற்றுகிற வேகத்தில் காய்ச்சல்கூடத் தொற்றாது.

அந்த நேரம் பார்த்து தேவராஜா அண்ணை நாட்டின் மற்றக் கரையில், பேர்த்தில் வேலை எடுத்திருக்கிறேன் என்றார். வீட்டு முன் புல்லில் விற்பனைப் பலகையும் அடித்தாயிற்று. பவளம் அக்கா முதல் தரம் மாட்டேன் என்றார். "மரத்தை விட்டிட்டு நான் ஒரு இடமும் வரேல்லை." அண்ணை பலகையைப் பிடுங்கவில்லை. ஒருவர் போகவேண்டும் என்று நிற்க, மற்றவர் மரத்தடியில் நிற்க, அந்த வீட்டுக்குள் போனால் எனக்கே இருக்கப் பிடிக்காது.

மாசியில் ஒரு சனிக்கிழமை. வடக்கிலிருந்து அனல் காற்று, முகத்தில் மண் அடிக்கிறது. மரம் என்னவாயிற்று என்று பார்க்கப் போனேன். பவளம் அக்கா வாளியோடு நிற்கிறார். அண்ணை கொஞ்சம் தள்ளி ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். விழுந்த காய் ஒன்றை எடுக்கக் குனிந்தேன். அப்போதுதான் கண்டேன். அடிமரம் இப்போது என் மணிக்கட்டு மொத்தம். ஓர் இடத்தில் மட்டும் இடுங்கி, அதற்கு மேலே பட்டை உதடு மாதிரி வீங்கிப் பிதுங்கி நிற்கிறது. துணி எப்போதோ மக்கிப் போயிருந்தது. கம்பி தோலுக்குள் புதைந்து, மஞ்சள் ஒரு துளி மட்டும் வெளியே தெரிந்தது.

"அட கோதாரி! அக்கா, இஞ்ச வந்து பாருங்கோ. கம்பி மரத்தை அறுக்குது."

"தெரியும்" என்றார்.

"தெரியுமோ? தெரிஞ்சுகொண்டோ தண்ணி ஊத்துறியள்?"

"அது மங்கலமாக் கட்டினது, நாகேஸ். அவிழ்க்கக் கூடாது."

"என்ன விசர்க்கதை? கலியாணத்தண்டு கையில கட்டின காப்பை நாலாம் நாள் அவிழ்க்கிறேல்லையோ?"

"அது காப்பு. இது கால். காலில கட்டினதை ஒருத்தரும் தொடுறேல்லை."

ஊரில் தொடத்தான் மாட்டார்கள். ஊரில் கட்டுவது நூல், ஒரு மழைக்கு இற்றுப் போகும். இதை இவருக்கு யார் சொல்ல? நானே சொன்னேன், கத்தியே சொன்னேன். கேட்கிற மாதிரி இல்லை. விறுவிறென்று கராஜுக்குள் போய் அண்ணையின் பெட்டியிலிருந்து குறட்டை எடுத்துக்கொண்டு வந்தேன். பவளம் அக்கா வாளியைப் போட்டுவிட்டு மரத்துக்கு முன்னால் வந்து நின்றார், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு. சின்ன உருவம். காற்றுக்குச் சேலை படபடவென்று அடிக்கிறது.

"பவளம், அவ சொல்லுறதைக் கேளும். வெட்டட்டும்" என்றார் அண்ணை.

பவளம் அக்கா அவரிடம் திரும்பினார். அப்படி ஒரு குரலை நான் அவரிடம் கேட்டதே இல்லை. "பேர்த்துக்குப் போறவருக்கு மரம் என்னத்துக்கு? உங்களுக்கென்ன! என்ர கால் பட்டுப்போய் நான் பட்ட பாடு காணாதோ? என்ர தங்கச்சியும் என்னை மாதிரி வீடு வீடாய்க் கோப்பை கழுவிக்கொண்டு திரியோணுமோ?"

கோப்பை கழுவுவதைப் பற்றி அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தரம். 

அண்ணை குழாயைக் கீழே போட்டார். தண்ணீர் அவருடைய காலணிக்குள் ஓடுகிறது, அவர் விலகவில்லை.

"உம்மட காலில ஒரு குறையும் இல்லை, பவளம். ஆடு கடிச்சால் தடி காயும். அவ்வளவுதான்." மரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "குறை என்னில."

பவளம் அக்காவின் விரித்த கைகள் கீழே இறங்கின.

"அறுபத்திநாலில கொழும்பில டொக்டரிட்டப் போனனாங்கள் எல்லோ. அவர் அப்பவே சொல்லிப்போட்டார், என்னாலதான் இல்லையெண்டு. இனியும் வராதெண்டு."

"எனக்கு நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ரெண்டு பேருக்கும் குறை இல்லையாம், கடவுள் தரேக்க தருவார் எண்டு."

"அப்ப மாமி என்னைச் சொல்லேக்க?"

அவர் நிலத்தைப் பார்த்தார். "பக்கத்தில நிண்டனான்" என்றார். பிறகு தானாகவே சொன்னார், "சனம் கேக்கத் தொடங்கினால் எனக்கு நெஞ்சு இடிக்கும், பவளம். எப்பவாவது என்ர வாயில வந்திடுமோ எண்டு பயம். அதுதான் வேற ஊர், வேற ஊர் எண்டு..."

என் கையில் குறடு இருந்தது. அதால் அந்த நல்ல மனிதரின் மண்டையில் ஒன்று போட்டால் என்ன என்றுதான் எனக்கு வந்தது. பதினைந்து வருஷம்! ஒரு பெண்ணைத் தடியோடு கட்டிவைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றிருக்கிறார். அழுவதா அடிப்பதா என்று தெரியாமல் நின்றேன்.

பவளம் அக்கா அழவில்லை. என் கையிலிருந்து குறட்டை வாங்கினார். மரத்தடியில் குந்தி இருந்து கம்பியைத் தேடினார். அது பட்டைக்குள் ஆழமாகப் போயிருந்தது. குறட்டின் வாய் உள்ளே போகவில்லை. சட்டென்று இழுத்தால் தோல் உரிந்துவிடும். நுனியால் மெல்ல மெல்லக் கிளறி, ஒவ்வோர் இடமாக வெட்டி, துண்டு துண்டாக இழுத்தார். காற்று மண்ணை வாரி அவர் முகத்தில் அடித்தது. கண்ணைத் துடைக்கவும் இல்லை. கடைசித் துண்டு வந்தபோது காசு கீழே விழுந்தது. பச்சை பிடித்துப் போயிருந்தது. மரத்தில் கம்பி இருந்த இடம் ஈரமாக, இரண்டு வளையமாகத் தெரிந்தது.

எழும்பி, காசைச் சேலைத் தலைப்பில் துடைத்து, அண்ணையின் கையைப் பிடித்து அதற்குள் வைத்தார்.

"இனி ஆர் கேட்டாலும் நீங்கள்தான் மறுமொழி சொல்லோணும். நான் இவ்வளவு காலமும் சொல்லிப்போட்டன்."

வீட்டுக்குள் போகும் வழியில் திரும்பி, "முன்னுக்கு நிக்கிற பலகையையும் பிடுங்குங்கோ" என்றார்.

பலகை அன்றைக்கே போய்விட்டது. ஆனால் வீடு ஆறவில்லை. பவளம் அக்கா யோகா இருந்த அறைக்குள் படுக்கையை மாற்றிக்கொண்டார். சோறு போடுவார், பேசமாட்டார். யோகாவுக்கு ஒரே ஒரு தரம் டெலிபோன் எடுத்தார். "மரத்துக்கும் உனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இனி நான் ஞாயிறு ஞாயிறு எடுக்கமாட்டன். உனக்குக் கதைக்கோணும் போல இருந்தால் நீ எடு." மறுபக்கத்தில் யோகா பெரிய மூச்சு ஒன்று விட்டது பக்கத்தில் இருந்த எனக்கே கேட்டது.

மரத்தை அவர் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டார். பார்த்தது அண்ணைதான். வேலைக்குப் போகமுதல் பார்ப்பார், வந்து பார்ப்பார். ஒரு நாள் என் வீட்டு வாசலில் வந்து தலையைச் சொறிந்துகொண்டு, "நாகேஸ், உம்மட்டப் பழைய ஸ்ரொக்கின்ஸ் ஏதும் கிடக்கோ?" என்று கேட்டார். பெண்கள் காலில் மாட்டுகிற நைலோன் உறை! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காயம்பட்ட இடத்தில் மரம் முறியாமலிருக்கப் பக்கத்தில் முட்டுக் குத்தி, அதில் இளக்கமாகக் கட்டவேண்டுமாம். நைலோன் என்றால் மரம் பருக்கப் பருக்க இழுபட்டுக் கொடுக்குமாம். எங்கேயோ கேட்டு அறிந்திருக்கிறார். கொடுத்தேன். கோபம் போகவில்லை, ஆனாலும் கொடுத்தேன்.

குளிர் காலம் முழுக்க மரம் வெறும் தடியாக நின்றது. உயிர் இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. அந்த மாதங்களில் அண்ணை வீட்டுக்கு யாரையும் கூப்பிடவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. சொல்லவேண்டிய இடம் வரவேயில்லை. பவளம் அக்கா காத்திருந்தார். எனக்கென்றால் பொறுக்கமுடியவில்லை. "நானே ஊரெல்லாம் சொல்லட்டோ?" என்று கேட்டேன். "வாயைப் பொத்திக்கொண்டு இரும்" என்றார்.

ஒக்ரோபரில் பூத்தது. போன முறை மாதிரிக் கொட்டவில்லை. அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம், நிறைய இலையோடு, மற்ற மரங்கள் பூப்பது மாதிரிப் பூத்தது. அந்தக் கிழமைதான் இரத்தினசிங்கம் என்று ஒருவர், புதிதாக வந்தவர், மனைவியோடு அவர்கள் வீட்டுக்கு வந்தார். கணேசலிங்கமும் நானும் போயிருந்தோம். தேத்தண்ணீர் வந்தது. பயத்தம் பணியாரம் வந்தது. ஜன்னலால் மரத்தைப் பார்த்து, நல்ல வடிவாயிருக்கு என்றார் அந்த மனுஷி. பிறகு தட்டை மடியில் வைத்துக்கொண்டு, நல்ல மனத்தோடுதான், பவளம் அக்காவைப் பார்த்துக் கேட்டார்.

"உங்களுக்கு எத்தினை பிள்ளையள்?"

பவளம் அக்காவின் கை வெறும் கோப்பைக்கு நீண்டது. பழக்கம். உடம்பு பாதி எழும்பிவிட்டது. பிறகு அப்படியே நின்றார். எழும்பவும் இல்லை, இருக்கவும் இல்லை. அண்ணையைப் பார்த்தார்.

அண்ணை கோப்பையைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமினார். வாசலைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். நான் மனதுக்குள், சொல்லும் ஐயா, சொல்லும் என்று கத்துகிறேன்.

"எங்களுக்குப் பிள்ளை இல்லை" என்றார். "குறை எனக்கு. அவவுக்கு ஒரு குறையும் இல்லை."

இரத்தினசிங்கம் நிலத்தைப் பார்த்தார். கணேசலிங்கம் என்னைப் பார்த்தார். அந்த மனுஷி, "ஐயோ, நான் சும்மா கேட்டனான்" என்றார்.

யோகாவுக்குப் பிறகு பிள்ளை பிறந்ததா என்று உங்களுக்குக் கேட்கவேண்டும் போல இருக்கும். பார்த்தீர்களா, நீங்களும் அந்தக் கேள்விக்குத்தான் வருகிறீர்கள்! நான் சொல்லமாட்டேன்.

பவளம் அக்கா மெல்ல இருந்தார். பின்னுக்கு நகர்ந்தார். இன்னும் கொஞ்சம் நகர்ந்து, முதுகு கதிரையில் பட, சாய்ந்தார். உயரம் குறைந்தவர் அல்லவா, கால் இரண்டும் நிலத்தில் முட்டவில்லை.

"இஞ்சாருங்கோ, இந்தக் கோப்பையளை ஒருக்காக் கழுவிவிடுங்கோ" என்றார்.

அண்ணை எழும்பி ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிக்கொண்டு குசினிக்குள் போனார். தண்ணீர் திறக்கிற சத்தம் கேட்டது. பவளம் அக்கா எழும்பவில்லை.